வெள்ளிக்கிழமைச் சோறு

அத்தியாயம் 17

மாமியார் செத்த வீட்டில் மருமகளுக்கு உட்கார்ந்து அழ நேரம் கிடைப்பதில்லை. எங்ராசியா அம்மாள் கண்ணை மூடியதிலிருந்து ரெமெடியோஸ் என்கிற ரெமி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று மலெஸ்ஸோ என்ற தீவுக் கிராமம் முழுக்கப் பேச்சு. பேசுகிறவர்கள் யார்? ராத்திரி தவறாமல் செபமாலைக்கு வந்து, செபம் முடிந்ததும் தட்டை நிறைத்துக்கொண்டு போனவர்கள்தான். அந்தத் தட்டை நிறைத்தது யார் என்பதைப் பற்றி மட்டும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

சான் டியேகோவிலிருந்து மூத்த மகள் பெர்னதீத்தா வந்து இறங்கியதையும், வாசலிலேயே விழுந்து புரண்டு அழுததையும், அழுது முடித்த கையோடு நேரே சமையல்கட்டுக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்ததையும் போன வாரம் பார்த்தோம். அன்றைக்குத் தொடங்கியதுதான். தம்பி பெண்டாட்டி வைத்த குழம்பில் உப்பு தூக்கல். தம்பி பெண்டாட்டி கொடுத்த காபி வெறும் தண்ணீர். தம்பி பெண்டாட்டி பெருக்கிய மூலையில் தூசி. ரெமி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஊர் கூடிச் சொல்லும் ஒன்பது நாள் செபம் இன்றோடு முடிகிறது. இந்த ஊர் வழக்கப்படி அதன் பிறகு, நாளைக் காலைதான் அடக்கம். அதற்கப்புறம் நாத்தனார் விமானம் ஏறிவிடுவாள்.

ஒரே ஒரு சங்கடம். கடைசி நாள் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. அதுவும் தவக்காலத்து வெள்ளி.

மற்ற நாளாக இருந்தால் இந்த ஊரில் பன்றியும் கோழியும் இல்லாத சாவுச் சாப்பாட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். இறைச்சி தொடக்கூடாத சுத்தபோசன நாளில் மீன், இறால், கீரை, சீமைப்பலா என்று சமாளிக்க வேண்டும். அதை ஊருக்கே போதுமான அளவு சமாளிக்க வேண்டும். விடிவதற்கு முன்பே ரெமி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெளிச் சமையல்கட்டில் இறங்கிவிட்டாள். கிளிமீனை வறுத்து, மஞ்சளும் வினிகரும் சேர்த்த காய்களை மேலே கொட்டி மூடி வைத்தாயிற்று. சேப்பங்கீரை தேங்காய்ப்பாலில் கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் வாய் மட்டும் வறண்டு கிடந்தது. இந்தத் தவக்காலத்துக்கு அவள் ஒறுத்து விட்டிருந்தது வெற்றிலை பாக்கு. பக்கத்து ரோட்டா தீவில் பிறந்தவளைப் பாக்கு இல்லாமல் இரு என்பது மூச்சு விடாமல் இரு என்பது மாதிரி. அவள் கணவன் இக்னாசியோ பீரை விட்டிருந்தான். பெர்னதீத்தா சாக்லேட்டை விட்டிருந்தாள். விட்டதை விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரன் தொடங்கி ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் சொல்லியும் இருந்தாள்.

சோறுதான் பாக்கி. சாதாரணச் சோறு இல்லை, அச்சோத்தி விதையை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் வேகும் சிவப்புச் சோறு. அது இல்லாமல் இந்தத் தீவில் கல்யாணமும் கிடையாது, சாவும் கிடையாது.

அதற்கென்று அடுப்புக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்க ஒரு காபி டின் இருக்கும். காலையில் பேக்கன் வறுக்கும்போது இறங்கும் பன்றிக் கொழுப்பை அதில் ஊற்றிச் சேர்த்து வைப்பார்கள். சிவப்புச் சோற்றில் அதிலிருந்து இரண்டு கரண்டி விழுந்தால்தான் மலெஸ்ஸோக்காரர்களுக்கு வாசனை. ஆனால் தவக்காலம் பிறந்துவிட்டால் எங்ராசியா அம்மாளின் வீட்டில் அந்த டின் கண்ணில் படக்கூடாது. திருநீற்றுப் புதனுக்கு முதல் நாள் வாயைத் துணியால் மூடி, ஊதா ரிப்பனால் கட்டி, வெளி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் தள்ளிவிடுவாள். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் சோற்றுக்குத் தேங்காய் எண்ணெய்தான். அக்கம்பக்கத்தில் வெள்ளிக்கிழமையோடு சரி, யாரும் இவ்வளவு கறார் கிடையாது. இந்த வருஷம் கிழவிக்குக் கை எழவில்லை. ரெமிதான் கட்டினாள். கட்டிலில் கிடந்தபடியே முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ம், சரியாத்தான் கட்டியிருக்கே" என்றாள் மாமியார். பதினோரு வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

தேங்காய் எண்ணெயில் வெங்காயம் வதங்கி, அரிசியும் சிவப்புத் தண்ணீரும் பானைகளில் ஏறிய நேரத்தில் கோயிலிலிருந்து போன் வந்தது. பீடத்துக்குச் சொன்ன பூ வேறு எதுவோ வந்திருக்கிறதாம். உடனே யாராவது வர வேண்டுமாம்.

"நீ போயிட்டு வா, நான் பார்த்துக்கறேன்" என்றாள் பெர்னதீத்தா.

"எல்லாம் போட்டாச்சு அண்ணி. கொதி வந்ததும் தீயை மட்டும் குறைச்சுடுங்க. வேற ஒண்ணும் சேர்க்க வேண்டாம்."

"சோறு ஆக்க எனக்குச் சொல்லித் தர்றியா? இந்த அடுப்படியில வளர்ந்தவடி நான்."

"ஐயோ, அதுக்கில்ல அண்ணி..."

"போ போ. அங்க பூ வாடிக்கிட்டு இருக்கு."

ரெமி போனாள். பூவை மாற்றி, பீடத்தை ஒழுங்கு செய்து, அப்படியே உச்சிப் பூசையும் கண்டுவிட்டு ஊரோடு சேர்ந்துதான் வீடு திரும்பினாள்.

பந்தலில் நாற்காலிகள் நிறைந்தன. சோற்றுப் பானைக்குப் பின்னால் ரெமியே நின்று பரிமாறினாள். முதல் பந்தி பாதி போயிருக்கும். தொமாசா பெரியம்மா அப்போதுதான் ஒரு கரண்டி சோற்றை வாயில் வைத்தாள். ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் முன்னால் உட்கார்ந்து செபமாலை நடத்துகிறவள் அவள். அவள் ஆமென் சொன்னால்தான் ஊரும் ஆமென் சொல்லும். மென்றவள் நிறுத்தினாள். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தாள்.

"ரெமி, சோத்துல என்ன போட்டிருக்கே?"

"தேங்காண்ணெய் பெரியம்மா."

"இது தேங்காண்ணெய் இல்லம்மா. பன்னிக் கொழுப்பு."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பந்தலின் கடைசி நாற்காலி வரை போய்விட்டது. இரண்டாவது தட்டை வழித்துக்கொண்டிருந்தவர்கள்கூட முதல் வாயிலேயே ஏதோ உறுத்திய மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ரெமி பானையிலிருந்து நாலு பருக்கை எடுத்து நாக்கில் வைத்தாள். பன்றிக் கொழுப்புத்தான்.

பெர்னதீத்தா இறால் தட்டோடு வந்து நின்றாள். தொமாசா சொன்னது காதில் விழுந்ததும் அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது. கண் போய்த் தம்பியைத் தேடியது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இது எதையும் ரெமி அப்போது கவனிக்கவில்லை. அவள் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?" என்றாள் பெர்னதீத்தா. குரல் உடைந்து பந்தலெல்லாம் கேட்டது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, எங்கம்மாவோட கடைசிச் செபத்தன்னைக்கு, ஊருக்கே பன்னியை ஊட்டிட்டியே!"

"நான் போடலை அண்ணி."

"நீ போடாம பன்னி தானா வந்து பானையில குதிச்சுதா? உங்க ரோட்டாவுல பன்னி மரத்துல காய்க்குதோ என்னவோ, எங்க ஊர்ல அது மாமிசம்டி!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் ரெமியைச் சுட்டது.

பங்குச் சாமி இளவயதுக்காரர். எழுந்து நின்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். "கேளுங்க, கேளுங்க. கொழுப்பு மாமிசம் இல்லை. தாளிக்கிற சாமான் கணக்கு. திருச்சபைச் சட்டத்துலயே இடம் இருக்கு. பாவமே இல்லை, சாப்பிடுங்க." சொன்னதோடு நிற்காமல் உட்கார்ந்து தன் தட்டுச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டும் காட்டினார்.

ஒருவரும் கரண்டியை எடுக்கவில்லை.

"சட்டம் உங்களுக்கு இருக்கலாம் சாமி" என்றாள் பெர்னதீத்தா. "இது எங்கம்மா வீடு. அம்மா ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்துல என்ன பாடு படுதோ, நாம இங்க..." மேலே சொல்ல முடியாமல் முந்தானைக்குப் பதில் காகிதக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாலு பெண்கள் ஓடிப் போய் அவளைத் தாங்கினார்கள். ரெமியின் பக்கம் ஒருத்தியும் வரவில்லை.

இரண்டு பானைச் சோறும் பக்கத்து வீட்டுப் பன்றித் தொட்டிக்குப் போனது. தூக்கிப் போய்க் கொட்டியவளும் ரெமிதான். திரும்பி வரும்போது கணவனைத் தேடினாள். இக்னாசியோ பந்தலின் ஓரத்தில் ஒரு நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தான். மடக்கி, விரித்து, மறுபடியும் அதையே மடக்கினான்.

கூட்டம் கலைந்தபின் அவள் வெளி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். டின் அடித்தட்டில்தான் இருந்தது. ரிப்பனும் இருந்தது. ஆனால் அவள் போட்டது இறுக்கமான முடிச்சு. இப்போது பரிசுப் பெட்டிக்குக் கட்டுகிற மாதிரி அழகாக ஒரு பூ முடிச்சு இருந்தது. துணியை விலக்கினாள். உறைந்த வெள்ளைக் கொழுப்பில் கரண்டி தோண்டிய பள்ளம் புதிதாகத் தெரிந்தது.

இக்னாசியோவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு டின்னை நீட்டினாள்.

"யாரு எடுத்தா?"

அவன் டின்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"இக்னா, உன்னைத்தான் கேக்கறேன்."

"அக்கா கேட்டா. நான் எடுத்துக் குடுத்தேன்."

நாத்தனாராகத்தான் இருக்கும் என்று ரெமியின் மனது முன்பே சொல்லியிருந்தது. எடுத்துக் கொடுத்த கை புருஷனுடையது என்று மட்டும் அவள் நினைக்கவில்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு உனக்குத் தெரியாதா?"

"சத்தியமா தோணலை ரெமி. பானையைத் திறந்து பார்த்தா. 'அம்மா சோத்து வாசனையே இல்லையேடா, அந்த டின் எங்கடா'ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அவ அழறதைப் பார்த்து..."

"அவங்களுக்கும் தோணலையா?"

"அவ ஊரை விட்டுப் போயி எத்தனை வருஷம் ஆச்சு? லீவுக்கு வந்தா கிறிஸ்மசுக்கு வருவா, இல்லேன்னா யார் கல்யாணத்துக்காவது வருவா. அப்ப தின்ன சோறுதான் அவளுக்கு அம்மா சோறு. தவக்காலத்துல அம்மா எப்படி ஆக்குவான்னு அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கும்?"

"சரி. தெரியாம நடந்துச்சு. பந்தியில என்னை நாறடிச்சப்ப ஏன் வாய் திறக்கலை?"

"எப்படித் திறக்கறது? அம்மா கடைசி மூச்சுக்குக்கூட வரலைன்னு ஊரே அவளைக் குத்திக்கிட்டு இருக்கு. இதையும் சொன்னா அவ உடைஞ்சே போயிடுவா. நீ அப்படி இல்ல. நீ தாங்கிப்பே."

தாங்கிப்பே. இந்தச் சொல்லைக் கேட்டாலே ரெமிக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமியார் படுக்கையில் விழுந்தபோது, நீ தாங்கிப்பே. அவளுடைய அழுக்குத் துணிகளைத் துவைக்கும்போது, நீ தாங்கிப்பே. ரோட்டாவில் சொந்தத் தங்கை கல்யாணத்துக்குப் போகாமல் இங்கேயே கிடந்தபோதும் இதே சொல். கழுதைக்குக்கூடப் பொதியை ஏற்றும்போது ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பார்கள்.

"உங்க அக்கா நாளன்னைக்கு ஃப்ளைட் ஏறிடுவாங்க. இந்த ஊர்ல கடைக்கும் கோயிலுக்கும் போக வேண்டியவ நான். இத்தனை வருஷம் உங்கம்மாவுக்கு ஊட்டின கை இது. இனிமே இந்தக் கையைப் பார்த்தா என்ன பேசுவாங்க தெரியுமா? மத்தியானமே ஆரம்பிச்சாச்சு. 'பாவம் கிழவி, எதையெல்லாம் தின்னு செத்தாளோ'ன்னு கடைக்கார அக்கா சொல்றா. என் காது பட சொல்றா."

"ரெமி..."

"அக்கா பேரை நீ சொல்ல வேண்டாம். நீ எடுத்துக் குடுத்ததையும் சொல்ல வேண்டாம். சாயங்காலம் செபம் முடிஞ்சு நன்றி சொல்ல எழுந்து நிப்பே இல்ல? அப்ப 'அது ரெமி செஞ்சதில்ல'ன்னு ஒரே ஒரு வார்த்தை. எனக்கு அது போதும்."

அவன் தலையாட்டினான்.

"தலையாட்டறது வேண்டாம். வாயால சொல்லு."

"சொல்றேன். அம்மா மேல சத்தியமா சொல்றேன்."

ரெமி டின்னைத் திரும்ப வைத்தாள். அவளுக்கு மனபாரம் கொஞ்சம் இறங்கியது. மறுபடி அரிசியைக் கழுவி, மறுபடி அடுப்பை மூட்டி, சாயங்காலத்துக்கு வேண்டிய சோற்றை ஏற்றினாள். காலையிலிருந்து நின்ற கால் கடுத்தது. வாய் பாக்குக்கு ஏங்கியது. ஆனாலும் கையில் சுறுசுறுப்பு இருந்தது. ஒரு வார்த்தை வரப்போகிறது என்று தெரிந்தால் எந்த வேலையும் பாதிதான்.

சோறு வெந்து இறங்கும் நேரத்தில் பெர்னதீத்தா வந்தாள். தனியாகத்தான் வந்தாள். அழுத கண் இரண்டும் வீங்கியிருந்தன. அடுப்பைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், மேசையில் கிடந்த கரண்டியை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள்.

"ரெமி."

"சொல்லுங்க அண்ணி."

"ஒண்ணுமில்ல..." பானை மூடியைத் தூக்கி ஒரு வாய் எடுத்துத் தின்று பார்த்தாள். "இது அம்மா சோறு மாதிரியே இல்லையே" என்றாள். சண்டைக் குரல் இல்லை. தொலைந்த பொருளைத் தேடுகிறவள் கேட்கிற குரல்தான் அது.

அந்த இடத்தில் ரெமி சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் பெர்னதீத்தா வாயிலிருந்தே உண்மை வந்து விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்காகத்தான் அவள் வந்தாள். ஆனால் பகலெல்லாம் பேச்சு வாங்கியவளின் நாக்கு எத்தனை நேரம்தான் அடங்கிக் கிடக்கும்?

"தவக்காலத்துல அத்தை இப்படித்தான் ஆக்குவாங்க" என்றாள் ரெமி. "உங்களுக்குத் தெரியாது. நீங்கதான் இருந்ததே இல்லையே."

பெர்னதீத்தா கரண்டியை மேசையில் வைக்கவில்லை, போட்டாள்.

"எங்கம்மா எப்படி ஆக்குவான்னு எனக்கே பாடம் எடுக்கறியா? வந்தேறி!"

விறுவிறுவென்று போய்விட்டாள். ரெமி அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் அடக்கியிருக்கலாமோ என்று நினைத்தாள். பிறகு, எதற்கு அடக்க வேண்டும் என்றும் நினைத்தாள். எப்படியும் இக்னாசியோ சொல்லப் போகிறான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டம் மறுபடி சேர்ந்தது. மத்தியானம் வந்தவர்களைவிட அதிகம். சோற்றுச் சேதி ஊரெல்லாம் போயிருந்தது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை. தொமாசா பெரியம்மா தன் பழைய செபப் புத்தகத்தோடு முன்னால் உட்கார்ந்தாள். பெர்னதீத்தா அம்மாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் இருந்தாள். ரெமி வழக்கம்போலக் கடைசியில், சோற்றுப் பானை பக்கத்தில். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு, பிரார்த்தனை முடிந்து, பாட்டும் முடிந்தது.

இக்னாசியோ எழுந்தான். கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான். ரெமி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

பூசை வைத்த சாமிக்கு நன்றி. செபம் நடத்திய தொமாசா பெரியம்மாவுக்கு நன்றி. பந்தல் கொடுத்தவர்களுக்கு, மீன் பிடித்துக் கொண்டுவந்தவர்களுக்கு, கடல் தாண்டி ஓடி வந்த அக்காவுக்கு நன்றி. அக்கா பெயர் வந்தபோது அவன் குரல் தழுதழுத்தது. கூட்டமும் மூக்கை உறிஞ்சியது.

"அப்புறம்... மத்தியானம் சாப்பாட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சு."

ரெமி ஓர் அடி முன்னால் வந்தாள்.

இக்னாசியோ முதல் வரிசையைப் பார்த்தான். அக்கா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் சம்சாரம் அதை வேணும்னு செய்யலை. இத்தனை நாளா ராத்திரி பகல் தூக்கமில்லாம உழைச்சா. அசதியில கை தவறிப்போச்சு. நீங்க எல்லாரும் பெரிய மனசு பண்ணி அவளை மன்னிக்கணும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

பந்தல் முழுக்க 'ச்சு ச்சு' என்றது. இரக்கம் பொங்கி வழிந்தது. மத்தியானம் திரும்பிப் பார்க்காதவர்கள் இப்போது திரும்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருத்தி எட்டி அவள் தோளைத் தட்டி, "விடும்மா, மனுஷங்கதானே" என்றாள். மன்னிக்கிறதென்றால் எல்லோருக்கும் எவ்வளவு சந்தோஷம்! ரெமிக்குக் காது அடைத்துக்கொண்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். செய்யாத தப்புக்குக் கட்டின புருஷனே அவளுக்காக மன்னிப்புக் கேட்டான். அதுவும் அவ்வளவு அன்பாகக் கேட்டான்.

பெர்னதீத்தா எழுந்து வந்தாள். ஊர் பார்க்க ரெமியைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா மன்னிச்சுடுவா ரெமி. நானும் மன்னிச்சுட்டேன்."

சொல்லும்போது அவள் ரெமியின் முகத்தைப் பார்க்கவில்லை. ரெமி கையைத் தொங்கவிட்டபடி கட்டைபோல நின்றாள்.

"ரெமி, இப்படி வா."

தொமாசா பெரியம்மாவின் குரல். செபப் புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தாள். பந்தல் அடங்கியது. ரெமி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்னால் போனாள்.

"இந்த வீட்டுத் தவக்காலச் சோத்தை நான் இன்னைக்கு நேத்தா சாப்பிடறேன்? கிழவி படுத்த அப்புறம் ஆக்கிப் போட்டது நீ. ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தப்பினது கிடையாது. அசதின்னான் உன் புருஷன். கிழவிக்கு மூச்சு வாங்கின ராத்திரியெல்லாம் முழிச்சிருந்துட்டு, விடிஞ்சதும் ஆக்கினியே, அன்னைக்கெல்லாம் வராத அசதியா? எனக்கு ஒண்ணு சொல்லு. நீயா போட்டே?"

பெர்னதீத்தாவின் முகத்தில் ரத்தம் இல்லை. இக்னாசியோ நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். அவன் கண் ரெமியைக் கெஞ்சியது. அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். தாங்கிக்கோ என்றது அது.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். யார் தடுத்தார்கள்? ஆனால் அந்தச் சொல்லை அவள் தன் வாயால் சொல்லிக்கொண்டால் ஊருக்கு அது சாக்கு. புருஷன் வாயால் வந்திருந்தால்தான் அது சாட்சி. மத்தியானத்திலிருந்து அவள் காத்துக் கிடந்தது சாட்சிக்குத்தான்.

"என்னை ஏன் பெரியம்மா கேக்கறீங்க?" என்றாள் ரெமி. குரல் அவளுக்கே அந்நியமாக, அமைதியாக வந்தது. "அவர்தான் எழுந்து நின்னு சொல்லிட்டாரே. பெத்த அம்மா மேல சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு வந்து நின்னவரு, பொய்யா சொல்லியிருப்பாரு?"

இக்னாசியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தொமாசா பெரியம்மா ரெமியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். பந்தலும் திரும்பியது.

"சத்தியமா? என்ன சத்தியம் இக்னாசியோ?"

அவன் எழுந்தான். அக்காவைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

ரெமி ஏப்ரனை அவிழ்த்து, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் போட்டாள். யாரையும் பார்க்காமல் பந்தலை விட்டு வெளியேறிக் கடற்கரைச் சாலையில் நடக்க ஆரம்பித்தாள். பின்னால் அவன் குரல் கேட்டது. என்ன சொல்கிறான் என்று கேட்க அவள் நிற்கவில்லை. இனி அவன் உண்மையைச் சொன்னாலும் அது தொமாசா பெரியம்மாவுக்குப் பயந்து சொன்னதாகத்தான் இருக்கும். அவளுக்காகச் சொன்னதாக இருக்காது.